நாலு வெள்ளை வைன், ஒரு நண்டுக் கறி: நண்பர்களோடு மதியச் சாப்பாட்டில் வைன் ஒப்பிட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் "வெள்ளை வைன் எனக்குச் சரிவராது" என்று சொல்கிறவரை விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அதைச் சூடாகக் குடித்திருப்பார். இல்லையென்றால் காரக் கறி தின்ற வாயோடு குடித்திருப்பார். கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நண்பர்களைக் கூட்டி, நாலு வெள்ளை வைனை மதியச் சாப்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. முதல் இரண்டு தடவையும் பிழைத்துப்போனது. அப்புறம் வந்த நண்பர்கள் தங்கள் வீட்டில் செய்து பார்த்து, நான் விட்ட அதே பிழைகளை விட்டார்கள். அதனால்தான் இதை வரிசையாக எழுதுகிறேன். வேலையில் முக்கால்வாசி முதல் நாளே முடிந்துவிட வேண்டும். இதை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நாளையும் நேரத்தையும் தெரிவு செய்தல்

ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மரக்கறி. புரட்டாதிச் சனியில் மீன் சமைக்கலாமா என்று கேட்டாலே அம்மாமார் முறைப்பார்கள். போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டு. ஆகவே போத்தல் வாங்கப் போகும் நாள் போயாவில் விழுகிறதா என்று கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் மாட்டிக்கொண்டு வெறும் நண்டோடு முடிந்த ஒரு சாப்பாடு எனக்குத் தெரியும்.

தை, மாசி மாதங்கள் நல்லவை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் விறாந்தையில் இருந்தால் அடுப்புக்கு முன்னால் இருப்பது போல இருக்கும். அப்போதுதான் ஆட்கள் கூடுவார்கள் என்றால் செய்யலாம், ஐஸை மட்டும் இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

காலை 11 மணிக்குத் தொடங்குங்கள். மெல்லப் பசி எடுக்கிற நேரத்தில் மூக்கு நன்றாக வேலை செய்யும். அதற்காக வெறும் வயிற்றோடு வரவேண்டாம். காலைச் சாப்பாட்டை ஒழுங்காக முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

2. ஆட்களும் அளவும்

ஆறு பேருக்கு நாலு போத்தல் போதும். எட்டுப் பேர் வரை சமாளிக்கலாம். ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். முதல் சுற்றில் ஒருவருக்கு ஒரு வைனில் 30, இரண்டாம் சுற்றில் 40. ஆறு பேருக்கு ஒரு போத்தலில் 420 போகும், 330 மிஞ்சும். ஆகப் பிடித்ததைக் கடைசியில் ஆறுதலாகக் குடிக்க அது வேண்டும்.

நாலு வைனையும் சேர்த்தால் ஒருவருக்கு 280 மில்லிலீற்றர். 12.5 வீத மதுசாரம் என்று வைத்தால், அது 35 வீதச் சாராயம் 100 மில்லிலீற்றருக்குச் சமன். இந்தக் கணக்கை முதலே சொல்லிவிடுங்கள். "வைன்தானே" என்று மளமளவென்று இறக்குகிறவர் நாலாவது போத்தலுக்குப் போகும்போது எதையும் ஒப்பிடும் நிலையில் இருக்கமாட்டார்.

ஊற்றுவதற்குக் குடிக்காத ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அது சித்தப்பா. ஒரு சொட்டும் வாயில் படாது, ஆனால் எந்த இலக்கம் எந்தப் போத்தல் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள் சாவிகளும் அவரிடம்தான். இலங்கைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது கொடுக்க முடியாது. தம்பிமார் கேட்டாலும் கொடித்தோடைச் சாறுதான்.

3. எந்த நாலு போத்தல்?

முதன்முதல் செய்கிறவர்கள் விடும் பெரிய பிழை, கையில் அகப்பட்ட நாலை வாங்குவது. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தால் வித்தியாசம் பிடிபடாது. "மறுகா என்ன, எல்லாம் ஒரே புளிதானே" என்று ஒருவர் சொல்வார், அதோடு கதை முடிந்தது. ஒன்றுக்கொன்று தூரமாக நிற்கிற நாலு வேண்டும்.

முதலாவது, மணம் அடக்கமான, வாயில் கனமில்லாத ஒன்று. இத்தாலியப் பினோ கிரிஜியோ நல்லது (இது திராட்சை இனத்தின் பெயர், மற்ற வைன்களின் பெயர்களும் அப்படித்தான்). கிடைக்காவிட்டால் ஓக் மரப் பீப்பாவில் வைக்காத தென்னாபிரிக்கச் செனின் பிளாங். தனியாகக் குடித்தால் இதில் பெரிய சுவாரசியம் இருக்காது. ஆனால் மற்ற மூன்றையும் அளக்க இதுதான் அளவுகோல்.

இரண்டாவது, நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதிச் சொவினியோன் பிளாங். கொடித்தோடை, வெட்டின புல், பச்சைக் கறிமிளகாயை அரியும்போது எழும் வாசம், எல்லாம் இதில் தூக்கலாக இருக்கும். மணம் பிடிக்கத் தெரியாது என்று சொல்கிறவருக்கும் இது தெரியும்.

மூன்றாவது, ஓக் பீப்பாவில் வைத்த ஷார்டனே. அவுஸ்திரேலியாவிலிருந்து வருவது சுலபமாகக் கிடைக்கும். வெனிலா, வாட்டின பாண் வாசம் பீப்பாவிலிருந்து வருவது. பட்டர் வாசத்துக்குக் காரணம் வேறு. அப்பிளில் இருக்கிற மாதிரிக் கூரான புளிப்பை, நுண்ணுயிர்கள் தயிரில் இருக்கிற மாதிரி மெதுவான புளிப்பாக மாற்றும்போது அந்த வாசம் உண்டாகிறது.

நாலாவது, லேசான இனிப்புள்ள ரீஸ்லிங். இதை விட்டுவிடாதீர்கள், நண்டுக் கறி வரும்போது இதன் வேலை தெரியும். ஜேர்மனியின் மோசல் பகுதிப் போத்தலில் 'காபினெட்' என்று இருந்து, 'ட்ரோக்கன்' என்ற சொல் இல்லாவிட்டால் பெரும்பாலும் இனிப்பு இருக்கும். ட்ரோக்கன் என்றால் இனிப்பில்லாதது. எழுத்துப் புரியாவிட்டால் மதுசார அளவைப் பாருங்கள். திராட்சையின் சர்க்கரைதான் நொதித்து மதுசாரமாகிறது. ரீஸ்லிங்கில் 8 முதல் 10 வீதம் என்று இருந்தால், கொஞ்சச் சர்க்கரை மாறாமல் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். 12க்கு மேல் என்றால் அனேகமாக இனிப்பில்லை.

ஆண்டையும் பாருங்கள். மலிவான, நடுத்தர விலை வெள்ளை வைன்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடிக்கச் செய்யப்பட்டவை. நம் வெக்கையில், குளிரூட்டி இல்லாத தட்டில் நாலு வருசம் நின்ற போத்தலை எவ்வளவு கழிவு தந்தாலும் வாங்காதீர்கள். இன்னொன்று, நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பங்குனி, சித்திரையை ஒட்டி அறுவடை. ஐரோப்பாவில் ஆவணி, புரட்டாதிக்கு மேல். ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் தெற்கிலிருந்து வந்த போத்தலுக்கு ஆறு மாத வயது கூட.

தக்கையா, திருகு மூடியா என்று தெரிவு இருந்தால் திருகு மூடியை எடுங்கள். தக்கைப் போத்தல் வாங்கினால் தக்கை கழற்றும் திருகாணியையும் அன்றைக்கே வாங்குங்கள். ஞாயிறு பதினொரு மணிக்குக் கத்தியால் தக்கையைக் குத்தி உள்ளே தள்ளிவிட்டு, வைனைத் தேயிலை வடியால் வடித்த வீடுகள் உண்டு.

4. வீடு கொண்டுவந்து சேர்த்தல்

எங்கள் பக்கத்துப் பலகைகளில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் சாராயமும் பியரும்தான் நிறைய. நாலு வகை வெள்ளை வைன் ஒரே கடையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். கொழும்பிலிருந்து வருகிறவரிடம் சொல்லி வைப்பதுதான் நிச்சயம்.

அப்படிச் சொல்லும்போது இரவு ரயிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். பகல் பஸ்ஸின் சாமான் பெட்டி வெந்து கிடக்கும். வெயிலில் சூடேறிய வைன் விரிந்து தக்கையை மேலே தள்ளும், காற்று உள்ளே போகும், மணம் செத்துவிடும். எனது முதல் தடவையில் மீன் வாங்கப் போனபோது போத்தல்களை நண்பனின் காருக்குள் ஒரு மணித்தியாலம் விட்டேன். திறந்தபோது ஷார்டனே அவித்த அப்பிள் மாதிரி மணத்தது. தக்கை போத்தலின் வாய்க்கு மேலே ஒரு நூலளவு எழும்பி நின்றதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. நீங்கள் கவனியுங்கள்.

5. குளிர வைத்தல்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.

மெல்லிய வைன்கள் 7 முதல் 10 பாகை செல்சியஸில் நன்றாக இருக்கும். ஓக் பீப்பா ஷார்டனேக்கு 10 முதல் 13 பாகை. பிரிட்ஜுக்குள் ஏறக்குறைய 4 பாகை, விறாந்தையில் 31, 32. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் முழு விளையாட்டும். அளவுக்கு மேல் குளிர்ந்தால் மணம் எழும்பாது, புளிப்பும் கசப்பும்தான் தெரியும். சூடானால் மதுசாரம் மூக்கில் அடிக்கும், இனிப்பு திகட்டும்.

சனிக்கிழமை இரவே நாலு போத்தலையும் பிரிட்ஜில் நிறுத்துங்கள். மீன், மாசி வைத்த தட்டை விட்டு வேறு தட்டில் வையுங்கள், போத்தலின் வெளிப்புறத்தில் வாசம் ஒட்டும். ஞாயிறு காலை கரண்ட் போனால் பதறவேண்டாம், கதவைத் திறக்காமல் விட்டால் போதும்.

மேசைக்கு ஒரு ரெஜிபோம் பெட்டி அல்லது பெரிய வாளி வேண்டும். பாதிக்கு ஐஸ், மீதிக்குத் தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. வெறும் ஐஸ் கட்டி போத்தலை அங்கங்கேதான் தொடும், இடையில் காற்று. தண்ணீர் ஊற்றினால் சுற்றிவரக் குளிர் பிடிக்கும். உப்பு அந்தத் தண்ணீரைப் பூச்சியத்துக்கும் கீழே இறக்கும். பிரிட்ஜில் வைக்க மறந்த போத்தலும் இதில் அரை மணித்தியாலத்துக்குள் தயாராகும். மீன்காரரிடம் வாங்கின ஐஸ் வெளிக் குளிருக்குத் தாராளமாகப் போதும். கிளாஸுக்குள் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள்.

ஷார்டனேயை 11 மணிக்கு வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். இருபது நிமிடத்தில் அதற்கு வேண்டிய சூட்டுக்கு வந்துவிடும். மற்ற மூன்றும் வாளியிலேயே இருக்கட்டும்.

அவசரத்துக்கு ஃப்ரீஸரில் வைப்பவர்கள் போனில் 30 நிமிட அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வைன் பூச்சியத்துக்குக் கீழே ஐந்தாறு பாகையில் உறையத் தொடங்கும், உறைந்தால் விரியும். ஃப்ரீஸரில் வெடித்த போத்தலைச் சில்லுச் சில்லாகப் பொறுக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஊற்றிய பிறகும் வேலை முடியவில்லை. கிளாஸில் இருக்கிற 30 மில்லிலீற்றர் சில நிமிடங்களிலேயே சூடேறத் தொடங்கும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்கிறேன். கிளாஸை நிறைத்து வைத்தால் கடைசி வாய் வேறொரு வைன்.

6. கிளாஸும் வீட்டு வாசமும்

ஆளுக்கு இரண்டு கிளாஸ். வாய் குறுகி வயிறு அகன்ற, காம்பு வைத்த கிளாஸ் என்றால் நல்லது, மணம் உள்ளேயே தங்கும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் ஒரே மாதிரியான தண்ணீர்க் கிளாஸ். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று என்று இருக்கக்கூடாது, கிளாஸ் மாறினால் மணமும் மாறும். ஒரு கிளாஸில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி, அது நிற்கிற உயரத்தைப் பேனாவால் கோடு போட்டுச் சித்தப்பாவிடம் கொடுங்கள். அதுதான் 30 மில்லிலீற்றர்.

கழுவிய கிளாஸை முகர்ந்து பாருங்கள். சவர்க்காரமும் அலுமாரி வாசமும் ஒளிந்திருக்கும். குடிக்கும் தண்ணீரால் கடைசியாக அலசி, கவிழ்த்துக் காய விடுங்கள். ஈரத் துவாயால் துடைத்தால் துவாயின் வாசம் ஏறும்.

நுளம்புத்திரி, சாம்பிராணி, மல்லிகைச் சரம், அத்தர், சென்ட் எல்லாம் அன்றைக்கு விறாந்தைக்கு வெளியே. இதைச் சொல்ல மறந்து, ஒருவர் பூசி வந்த சென்ட்டை நாலு வைனிலும் 'பூ வாசம்' என்று எழுதி வைத்தோம்.

7. சமையலை நேரத்துக்கு அடுக்குதல்

கறிகளை 10 மணிக்கு முன் முடித்து மூடிவிடுங்கள். தாளித வாசம் விறாந்தைக்கு வந்தால் முதல் சுற்று பாழ். பொரியலை மட்டும் பிறகு செய்யலாம், அதுவும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து.

நாலு பதார்த்தம் போதும். தேசிக்காய் பிழிந்த சுட்ட மீன், கொடுவா அல்லது பாரை. இறால் போட்ட பால் சொதி. வாவி நண்டுக் கறி, உங்கள் வீட்டு வழமையான காரத்தோடு. வெள்ளைச் சோறு. பாண் துண்டும் உப்பில்லாத பிஸ்கட்டும் இடையில் வாயைச் சுத்தம் செய்ய. மாசிச் சம்பலும் ஊறுகாயும் மேசைக்கு வரவேண்டாம். வந்தால் யாராவது முதல் வாயிலேயே எடுத்துவிடுவார்கள், அவருக்கு அன்றைய ஒப்பீடு அத்தோடு முடிந்தது.

8. போத்தலை மூடி இலக்கம் போடுதல்

சித்தப்பா தனியாக இருந்து ஒவ்வொரு போத்தலையும் பழைய பத்திரிகையில் சுற்றி, கழுத்தில் றப்பர் போட்டு, 1 முதல் 4 வரை எழுதுவார். மூடிகளை முன்பே கழற்றி ஒளித்துவிட வேண்டும், மூடியின் நிறமே காட்டிக்கொடுக்கும். பத்திரிகை வாளித் தண்ணீரில் நனைந்து கிழியும். அதனால் மேலே ஒரு பொலித்தீன் பை.

கண் மூக்கை ஏமாற்றும் என்பதுதான் இதற்குக் காரணம். 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், போர்தோவில் வைன் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, நிறம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை வைனைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குச் சொல்கிற சொற்களால் வர்ணித்தார்கள். படித்தவர்களுக்கே அப்படி. விலை தெரிந்த போத்தலுக்கு முன்னால் நாம் எம்மாத்திரம்?

இலக்க வரிசை குலுக்கல் அல்ல. 1 பினோ கிரிஜியோ, 2 சொவினியோன் பிளாங், 3 ஷார்டனே, 4 ரீஸ்லிங். மெல்லியது முதலில், கனமானது பிறகு, இனிப்பு கடைசியில். இனிப்பானதை முதலில் குடித்தால் அடுத்து வருவதெல்லாம் தேசிக்காய்ச் சாறாகத் தெரியும்.

9. முதல் சுற்று: சாப்பாடு இல்லாமல்

இரண்டிரண்டாகக் குடியுங்கள். முதலில் 1ஐயும் 2ஐயும் பக்கத்தில் பக்கத்தில். பிறகு 3ஐயும் 4ஐயும். தனியாக ஒரு வைனை வைத்துக்கொண்டு "இது எப்படி" என்று கேட்டால் யாருக்கும் சொல் வராது. இரண்டை வைத்து "எது புளிப்புக் கூட" என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள்.

முதலில் கிளாஸை ஆட்டாமல் முகருங்கள், பிறகு ஆட்டி முகருங்கள். வரும் மணத்துக்கு நம் குசினியில், நம் வளவில் பெயர் தேடுங்கள். புத்தகங்களில் எழுதியிருக்கிற நெக்டரைனை நீங்கள் தின்றிருக்கமாட்டீர்கள். மாங்காய், அன்னாசி, கொடித்தோடை, நெல்லிக்காய், வெட்டின புல், இளநீர் வழுக்கை, எதுவும் சரி.

புளிப்பைப் பிடிக்க, விழுங்கிய பிறகு வாயைக் கொஞ்சம் திறந்து தலையைக் குனியுங்கள். எச்சில் வேகமாக ஊறினால் புளிப்புக் கூட.

இனிப்பில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுவார்கள். பழ வாசம் வந்தால் நாக்கு இனிப்பு என்று நினைத்துக்கொள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். பழ வாசம் மறைந்துவிடும், உண்மையான சர்க்கரை நாக்கில் நிற்கும். 2ஆம் இலக்கத்தில் இந்த வித்தையைச் செய்தவர்கள் முகத்தைச் சுழிப்பதைப் பார்க்க வேண்டும்.

வைனின் கனத்தை விளங்கப்படுத்த நான் தேங்காய்ப்பாலைத்தான் சொல்வேன். 1 வாயில் மூன்றாம் பால், 3 முதற்பால். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

இரண்டு நிமிடம் யாரும் வாய் திறக்காமல் ஆளாளுக்குத் துண்டில் எழுத வேண்டும். இதை மீறவிடாதீர்கள். முதலில் பேசுகிறவர் "வாழைப்பழம்" என்றால் மேசை முழுக்க வாழைப்பழம் மணக்கும். புள்ளி போட வேண்டாம், இரண்டில் எது, ஏன், அவ்வளவுதான்.

ஒருதடவை ரீஸ்லிங்கை முகர்ந்த மாமா ஒருவர், கடலுக்குப் போய்வந்தவர், துண்டில் 'மண்ணெண்ணெய்' என்று மட்டும் எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர்தான் சரி. வெயில் நன்றாகப் பட்ட ரீஸ்லிங் திராட்சையின் வைனில், போத்தலுக்குள் வயதாகும்போது அந்த வாசம் எழும்பும். ரீஸ்லிங்கை அடையாளம் காண வைன்காரர்களே அதைத்தான் தேடுவார்கள். அன்றிலிருந்து எழுதியதைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் மேசையில் இல்லை.

உண்மையிலேயே கெட்ட வாசமும் உண்டு. நனைந்த அட்டைப் பெட்டி மாதிரி மணத்தால் தக்கையில் பிழை, குடிக்காமல் கீழே ஊற்றிவிடுங்கள். போத்தலின் அடியில் கண்ணாடித்தூள் மாதிரிப் பளிச்சிடும் மணிகள் இருந்தால் பயப்படவேண்டாம். குளிரில் படிந்த திராட்சைப் புளியின் உப்பு அது, தீங்கில்லை.

விழுங்க விரும்பாதவர்கள் துப்பலாம். அதற்குப் பழைய வெற்றிலைப் படிக்கம் இருந்தால் மேசைக்கு எடுங்கள். பிளாஸ்டிக் கோப்பையில் துப்பக் கூச்சப்படுகிறவர்களும் படிக்கத்தைக் கண்டால் கூச்சப்படுவதில்லை.

10. இரண்டாம் சுற்று: கறியோடு

பத்திரிகை இன்னும் போத்தலில்தான். சாப்பாடு வரட்டும்.

வலது கையால் சாப்பிடுகிறோம், ஆகவே கிளாஸ் இடது கையில். சாப்பிட்ட கையால் கிளாஸைப் பிடித்தால் மூக்குக்கு முதலில் வருவது மீன் வெடுக்குத்தான். சின்ன விசயம், ஆனால் யாரும் சொல்லித்தருவதில்லை.

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் முறை ஒன்றுதான். ஒரு வாய் வைன், ஒரு வாய் சாப்பாடு, மென்று விழுங்கியதும் அதே வைன் ஒரு வாய். இரண்டு வைன் வாய்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எழுத வேண்டும். சோற்றைக் குழைத்து எல்லாக் கறியையும் ஒன்றாகச் சேர்க்கிற நம் பழக்கத்தை இந்த அரை மணித்தியாலத்துக்கு மட்டும் ஒத்திவைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சொன்னாலும் ஒருவர் குழைப்பார்.

சுட்ட மீனோடு 1ஐயும் 2ஐயும். தேசிக்காய் கொஞ்சமாகப் பட்ட மீனுக்கு 2 நன்றாக நிற்கும், அதன் புளிப்பு மெல்லிசாகிப் பழம் முன்னுக்கு வரும். 1 பெரும்பாலும் தண்ணீராகிவிடும். சாப்பாட்டின் புளிப்பு வைனின் புளிப்பைத் தாண்டினால் வைன் சப்பென்று போகும் என்பதே காரணம். அதனால் தேசிக்காயைப் பிழிகிறவர் கை அடக்கமாக இருக்க வேண்டும். உப்பு சரியாக இருந்தால் இரண்டு வைனும் கொஞ்சம் மிருதுவாகத் தெரியும்.

இறால் சொதியோடு 2ஐயும் 3ஐயும். இங்கே ஷார்டனேக்குத் தலை நிமிரும். தேங்காய்ப்பாலின் கொழுப்பும் அதன் பட்டர்த் தன்மையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். சொவினியோனின் பச்சை வாசம் சொதியில் போட்ட பச்சை மிளகாயோடு சேர்ந்து கூர்மையாகும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது, தேங்காய்ப்பால் திரிந்த மாதிரி ஒரு நினைவு வருகிறது.

நண்டுக் கறியைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. மிளகாய்க் காரம் ஏறிய நாக்கு அதற்குப் பிறகு நுணுக்கமாக எதையும் சொல்லாது. 3ஐயும் 4ஐயும் கொடுங்கள். ஒரு நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிவிட்டு ஷார்டனேயைக் குடித்தவர் முகம் சிவப்பார். மதுசாரம் காரத்தின் எரிவைக் கூட்டும், ஓக் பீப்பாவின் மெல்லிய கசப்பு அதற்கு மேலே ஏறி நிற்கும். "மச்சான், மூணாம் நம்பர் இப்பதானே நல்லா இரிந்திச்சி, மறுகா ஏன் இப்படிக் கசக்குது?" என்று ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பார்கள். வைன் மாறவில்லை, நாக்குத்தான் மாறியிருக்கிறது.

அதே வாயோடு 4. மதுசாரம் குறைவு, சர்க்கரை எரிவை அமத்தும், புளிப்பு வாயைக் கழுவிவிடும். முதல் சுற்றில் "பொம்பிளைப் பிள்ளைகள் குடிக்கிற சோடா" என்று ரீஸ்லிங்கை ஒதுக்கியவர் கிளாஸை நீட்டுவார். அந்தப் பேச்சுக்காகவே அவருக்குக் கடைசியாக ஊற்றச் சொல்வேன்.

சிவப்பு வைன் ஏன் இல்லை என்றும் கேட்பார்கள். வைனில் இரும்புச் சத்துக் கூடினால் மீனோடு சேரும்போது வெடுக்கு எழும்பும். சிவப்பில் அது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. விரும்பினால் இன்னொரு நாள் தனியாகச் செய்து பாருங்கள், நண்டோடு வேண்டாம்.

எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வைன் எல்லாம் முடிந்த பிறகு. சாப்பாடு வைனைவிட இனிப்பாக இருந்தால், வைன் வெறும் புளியாகத் தெரியும். ரீஸ்லிங்கும் தப்பாது.

11. பத்திரிகையைக் கழற்றுதல்

எழுதிய துண்டுகளை முதலில் வாசியுங்கள், பிறகு போத்தல்களைக் காட்டுங்கள். வரிசை மாறினால் துண்டுகளில் திருத்தம் விழும். முதல் சுற்றில் பிடித்தது, கறியோடு பிடித்தது என்று ஆளுக்கு இரண்டு இலக்கம் சொல்லட்டும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே இலக்கம் சொன்னவர்கள் குறைவு. விலையைச் சித்தப்பா கடைசியாகச் சொல்வார். அப்போது வரும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள்.

12. மிச்சத்தை வைத்தல்

பிடித்ததை மிச்சக் கிளாஸ்களில் ஆறுதலாகக் குடியுங்கள். அதற்கு மேல் மிஞ்சுவதை உடனே மூடி, பிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் காற்றுப் படும் பரப்புக் கூடும். இரண்டு மூன்று நாள் தாங்கும். ரீஸ்லிங் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், சொவினியோனின் கொடித்தோடை வாசம் மறுநாளே பாதி போய்விடும்.

குடிக்க ஆளில்லாவிட்டால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீஸரில் வையுங்கள். இனிப்பில்லாத மூன்றையும் கலந்தாலும் பரவாயில்லை. உள்ளி போட்டுக் கணவாய் வதக்கும்போது இரண்டு கட்டி போட்டு, மதுசார வாசம் போகும்வரை வற்ற விட்டால் நன்றாக இருக்கும். தட்டின் மேல் பெரிதாக 'வைன்' என்று எழுதி ஒட்டுங்கள், பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கட்டாயம். நாங்கள் எழுதாமல் விட்ட தடவை, ஒரு சொட்டும் வாயில் படாத சித்தப்பாவின் கொடித்தோடைச் சாற்றுக்குள் யாரோ இரண்டு கட்டி போட்டுவிட்டார்கள். அவர் பாதி குடித்துவிட்டுத்தான் கிளாஸைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.